போட்டியில்லாத முயல்

6 ஜூலை 2025, ஞாயிறு

கடையில் இன்றைக்கு வளையல் வாங்கியவர்களைவிட விலை கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

ராத்திரி ஏலம். தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஞாயிறுதோறும் எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். கடைசி நிமிஷத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். இந்த விதியை எழுதியவர் வாசுதேவநல்லூர் குருசாமி, குரூப் அட்மின். இந்த விதியால் பிழைக்கிறவர் இளையரசனேந்தல் துரைப்பாண்டி. ஆடு வளர்க்கிறார். ஏலம் முழுக்க ஆள் இருக்கிற சுவடே தெரியாது. 8.59க்கு எழுந்து பத்து ரூபாய் கூடக் கேட்பார். இன்றைக்கும் நான் கேட்ட கப்பல் படத்தை அப்படித்தான் கொண்டுபோனார். அவர் ஆட்டுக்கெல்லாம் கழிச்சல் வரட்டும். ஆடு என்ன செய்தது, பாவம் — அவருக்கே வரட்டும்.

9 ஜூலை

குரூப்பில் பெரிய மரியாதை என்றால் கும்பிடு. வரிசையில் ஒரே ஒரு படம் குறைகிறவர் கும்பிடுகிற கை எமோஜியைப் போட்டால் மற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான், திருவேங்கடத்து உரக்கடை ஞானதுரை மட்டும் குரூப்பில் இல்லாதிருந்தால். அவருக்கு வாராவாரம் ஏதோ ஒரு வரிசையில் சரியாக ஒரு படம் குறைந்துவிடுகிறது.

நான் கும்பிடு போட்டதே இல்லை. எனக்கு நிஜமாகவே ஒன்று குறைகிறது. எப்போதோ மூடிப்போன ஒரு கோவில்பட்டிக் கம்பெனியின் மிருக வரிசையில் முயல் மட்டும் இல்லை. வரட்டும், மோதியே வாங்குகிறேன். கும்பிட்டு வாங்க அதென்ன பிரசாதமா?

13 ஜூலை, ஞாயிறு

தாமரைப் படம் கிடைத்தது. ஆறு பேரோடு மோதி வாங்கினேன். கூரியர் விலாசம் கேட்டுக் குருசாமி போன் செய்தார். எடுத்ததும், "அண்ணாச்சிட்ட கொடுங்கம்மா" என்றார்.

எந்த அண்ணாச்சி?

"சாம்சன் அண்ணாச்சி. ஏலம் எடுத்தவரு."

சாம்சன் என் வீட்டுக்காரர். அவருக்குத் தீப்பெட்டி என்பது கொசுவத்தி கொளுத்துகிற சாமான். நம்பர் கடை பேரில் இருப்பதால் எல்லோருக்கும் 'சாம்சன் பேன்சி' என்று காட்டுகிறது. மூன்று வருஷமாக அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"ஏலம் எடுத்தது நாந்தான். பேரு எப்சிபா" என்றேன். விலாசத்தைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அரை மணிநேரத்தில் குரூப்பில் அறிவிப்பு: நம் அண்ணாச்சி ஒரு சகோதரி. அதன் கீழே பூங்கொத்துகள். வீட்டு வேலைக்கு நடுவே இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்கிறது என்று ஒருவர் வியந்திருக்கிறார். சம்பளத்துக்கு இரண்டு ஆள் வைத்துக் கடை நடத்துகிறவளுக்கு எவ்வளவு பெரிய பாராட்டு!

20 ஜூலை, ஞாயிறு

மூன்று படம் கேட்டேன். மூன்றும் தொடக்க விலைக்கே கிடைத்தன. நான் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். "தங்கச்சி கேக்குதாவ, விட்டுருங்க வே" என்று ஞானதுரை எழுதினார். 'வே' என்பது ஆம்பிளைக்கு ஆம்பிளை; நான் தங்கச்சி. விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் லேடீஸ் சீட்டைக் காலி செய்கிற மாதிரி.

8.59க்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரைப்பாண்டியும் எழவில்லை. அவருமா?

21 ஜூலை

"சும்மா கெடைக்குதுல்லா. பொறவு என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்கிறார் சாம்சன். கேரம் ஆடும்போது எதிரே இருப்பவர் வேண்டுமென்றே காயைத் தவறவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்வாராம். இந்த மனுஷனோடு இருபது வருஷம்.

27 ஜூலை, ஞாயிறு

அடுத்த வாரம் முயல் வருகிறது! சிவகிரி தங்கப்பழம் அண்ணாச்சி தன் ஆல்பத்தையே பிரித்து விற்கிறார். மகளை நர்சிங் சேர்த்திருக்கிறாராம். முயலுக்குத்தான் நல்ல விலை வரும் என்று நம்பியிருக்கிறார். வரும், நான் கேட்காமல் இருந்தால். நான் கேட்காமல் இருப்பேனா? அது எனக்கு வேண்டும். ஆனால் இப்படியா?

3 ஆகஸ்ட், ஞாயிறு

முயல், ரோஸ் பின்னணியில். ஒரு காது மடிந்திருக்கிறது. தொடக்க விலை நூறு. நான் நூறு என்றேன். உடனே பூங்கொத்துகள். தங்கச்சியின் வரிசை முழுமையாகட்டும் என்று ஞானதுரை ஆசி வழங்கினார். ஆயிரத்துக்குக் குறையாமல் போக வேண்டிய படம்.

எட்டரைக்குத் தங்கப்பழம் அண்ணாச்சி எனக்குத் தனியாக எழுதினார்: "பரவால்லம்மா. ஒங்களுக்குன்னு அமைஞ்சிருக்கு." இவர்கள் எனக்குக் காட்டுகிற பெருந்தன்மைக்கு அந்த மனிதரல்லவா துட்டுக் கட்டுகிறார்.

இருநூறு என்று போட்டேன். என் நூறுக்கு மேல் என் இருநூறு.

"தங்கச்சி, முன்னால நிக்கது ஒங்க வெலதான்" என்றார் குருசாமி.

தெரியும் என்று எழுதிவிட்டு நானூறு போட்டேன். பிறகு அறுநூறு. இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. எழுதினேன்: "வேற யாரும் கேக்க மாட்டீங்கன்னா எனக்கு நானே போட்டி போட்டுக்கிடுதேன்."

8.59. துரைப்பாண்டி: 610.

அழுகை வந்துவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுநூறு என்றேன். எழுநூற்றுப் பத்து என்றார். ஐந்தைந்து நிமிஷமாக ஏலம் நீண்டுகொண்டே போயிற்று. பால் பொங்கி வழிய, சாம்சன் வந்து அடுப்பை அணைத்தார். ஆயிரத்து எழுநூறுதான் என் எல்லை என்று மனசுக்குள் முன்பே கோடு போட்டிருந்தேன். அதைத் தொட்டேன். அவர் இன்னும் பத்து போட்டார். நான் நிறுத்திவிட்டேன்.

முயல் போயிற்று.

4 ஆகஸ்ட்

துரைப்பாண்டி போன் செய்தார். பின்னால் ஆடுகள் கத்தின.

"முயலு எனக்கும் வேணும்க்கா. நீங்க கும்பிடு போட்டிருந்தா விட்டிருப்பேன்."

போட மாட்டேன் என்றேன்.

"அதான் கேட்டேன்."

முந்தின வாரங்களில் ஏன் கேட்கவில்லை என்று விடாமல் பிடித்தேன். எல்லோரும் ஒதுங்கும்போது தான் மட்டும் கேட்டால் மரியாதை தெரியாதவன் என்பார்களே என்று பயந்தாராம். அது தப்புதான் என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆட்டைச் சபித்ததை நான் சொல்லவில்லை.

முயல் போன வருத்தம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

7 ஆகஸ்ட்

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். கடையில் நிற்க இடமில்லை. கால் வலி.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு சாதாரண யானைப் படம். ஐம்பது ரூபாய் பெறும். நான் கேட்டேன். ஞானதுரை கும்பிடு போட்டார். எந்த வரிசையில் குறைகிறது, படம் பிடித்துக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. அறுபது கேட்டார்! 'தங்கச்சி'யும் இல்லை, ஆசியும் இல்லை. துரைப்பாண்டி வழக்கம்போல 8.59க்கு வந்தார். அவர் யானை சேர்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஏற்றினேன். அவர் பத்து போட்டார். இன்னும் ஏற்றினேன். இன்னும் பத்து. முந்நூறைத் தாண்டியதும் நான் போனை வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், யானை அவர் தலையில் முந்நூற்றுப் பத்துக்கு விழுந்திருந்தது. அதற்குக் கீழே எனக்கு எழுதியிருந்தார்:

"நல்லா மாட்டிவிட்டீரு வே."

குரூப்பில் ஒருத்தரும் அவரைத் திருத்தவில்லை.