மார்விஸின் ஓக் கட்டில்

ஜனவரி 9

மார்விஸை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. இனி வைத்தியம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மாடிக் கட்டில் உயரம், கால் எட்டாது. அதனால் கூடத்தில் வாடகை இரும்புக் கட்டில். ஒருவர்தான் படுக்கலாம். நான் பக்கத்தில் நாற்காலியில்.

"நாப்பது வருஷம் உன் குறட்டையோட தூங்கியாச்சு. இப்போ எதுக்குத் தனியா?" என்கிறாள்.

ஜனவரி 12

கராஜில் சேர்த்து வைத்திருந்த ஓக் பலகைகளை எடுத்தேன். தாழ்வாக, இரண்டு பேருக்கு ஒரு கட்டில். காலில் துளை, சட்டத்தில் அதற்குள் நுழையும் நாக்கு, குறுக்கே மர ஆணி. இரும்பு ஒரு துண்டு கூடாது. ஆஸ்பத்திரியில் பார்த்த இரும்பு போதும்.

ஜனவரி 17

கராஜில் தாங்க முடியாத குளிர். மரம் ஒட்டும் வஜ்ஜிரம் தூரிகையிலேயே உறைந்துவிடுகிறது. எல்லாவற்றையும் பேஸ்மென்டில், கணப்புக்குப் பக்கத்தில் இறக்கினேன். அங்கேயே கட்டிலாகப் பூட்டிவிடலாம்.

ஜனவரி 18

இன்று அவள் எதுவும் சாப்பிடவில்லை.

ஜனவரி 21

பூட்டியாயிற்று. ஒரு மூட்டும் அசையவில்லை. மரச் சுத்தியல் சத்தம் கேட்டு மேலிருந்து, "வீட்டை இடிச்சுடாதே, இன்னும் கொஞ்ச நாளைக்கு எனக்கு வேணும்" என்று குரல் கொடுத்தாள். குரல் வந்ததே என்று சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 22

முட்டாள். அடிமுட்டாள்.

கட்டில் படியேறவில்லை. பக்கத்து வீட்டு கோர்டியும் நானும் சாய்த்தோம், நிமிர்த்தினோம். படித் திருப்பத்தில் இடிக்கிறது. பக்கச் சட்டங்களைத் தனியாக மேலே கொண்டுபோய்ப் பூட்டியிருக்க வேண்டும். கத்துக்குட்டிகூட அப்படித்தான் செய்வான். நான் எல்லாவற்றுக்கும் வஜ்ஜிரம் தடவி, மர ஆணியும் அடித்து — அப்படி என்ன அவசரம்? என்ன அவசரம் என்று எனக்குத் தெரியாதா.

"அறுத்துடலாம் ஹார்லன். வேற வழியில்ல" என்றான் கோர்டி. அறுத்தால் இரும்புத் தகடு வைத்துத்தான் சேர்க்க வேண்டும். ரம்பத்தை எடுத்தேன். கை வரவில்லை.

ஜனவரி 23

மார்விஸிடம் சொன்னேன். சிரித்தாள், இருமலில் முடிந்தது. "அது மேல வராட்டி என்னைக் கீழ இறக்கு. இப்போ நான் என்ன கனமா கனக்கப் போறேன்?"

நர்ஸ் டெனீஸுக்குப் பிடிக்கவில்லை. "அங்க ஒரு ஜன்னல்கூட இல்லீங்க. இறக்கிட்டா, திரும்ப ஏத்த முடியாது."

"ஏத்தச் சொல்லி யாரு கேட்டா?" என்றாள் மார்விஸ்.

சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து நானும் கோர்டியும் இறக்கினோம். அவன் சுவரைப் பார்த்தபடியே இறங்கினான்.

ஜனவரி 27

துணி துவைக்கும் மெஷினுக்கும் கணப்புக்கும் நடுவே இரண்டு பேரும் படுத்திருக்கிறோம். சட்டத்தைத் தடவிப் பார்த்து, "மழமழன்னு இருக்குடா" என்றாள். அவள் மூச்சைக் கேட்டபடி கிடக்கிறேன். தூங்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 2

காலையில் அவள் கை சில்லிட்டிருந்தது.

எடுத்துப்போக வந்தவர்கள் படித் திருப்பத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். கனக்கத்தான் செய்தாள்.

பிப்ரவரி 11

கோர்டி சூப் கொண்டுவந்தான். கட்டிலை அறுத்து மேலே ஏற்றிவிடலாமா என்று மறுபடியும் கேட்டான். வேண்டாம், கீழே சூடாக இருக்கிறது என்றேன்.

இன்னமும் கட்டிலில் என் பக்கத்து ஓரத்தில்தான் படுக்கிறேன். நடுவுக்கு நகர முடியவில்லை.