என் ரத்தம் பொருந்தவில்லை

மார்ச் 3, காலை 11.20. சிறுநீரகப் பொருத்தம் பார்த்தது ஏழு, தேறியது ஒன்று.

நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், அதாவது சீரத்தில், சிறுநீரகம் கொடுப்பவரின் அணுக்களை விட்டுப் பார்ப்பேன். செத்தால் ‘வேண்டாம்’ என்று எழுதுவேன். இதுதான் என் வேலை. அப்படியிருக்க, பாதி என்னுடையதான ஒன்று என் மனைவிக்குள் பதினாலு வாரமாக எப்படிப் பிழைக்கிறது? போன வருடம் பத்தாவது வாரத்தில் கலைந்துவிட்டது. சில சமயம் அப்படித்தான் என்றார்கள். இதெல்லாம் ஒரு பதிலா?

மார்ச் 5

அவளுடைய பரிசோதனை ரத்தத்தில் மிச்சம் இருந்தது. என் அணுக்களோடு சேர்த்துப் பார்த்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டாள்.

முக்கால்வாசி செத்துக் கிடந்தன.

மார்ச் 6

சொல்லித் தொலைத்தேன். “உன் உடம்பு என்னைத் தாக்குது.”

“அதுக்கு லேப் எதுக்கு? என்னையே கேட்டிருக்கலாமே.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அப்ப இதுவும் போயிடுமா?”

தெரியாது என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? உண்மை சொன்னவனுக்கு ஹாலில் படுக்கை.

மார்ச் 7

மாமியார் வந்து இறங்கிவிட்டார். “பொருத்தமெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி பாக்கணும் மாப்பிள்ளை.”

மார்ச் 9

டாக்டரம்மா என் முடிவைப் பார்த்துச் சிரித்தார். “முன்னாடி கர்ப்பமானவங்க பலருக்கு இது இருக்கும் தம்பி. இவங்க உடம்பு நேரா பாக்கறது உன்னை இல்ல, நஞ்சுக்கொடியை. உன் அணு மேல இவங்க ரத்தம் தாக்கற அடையாளத்தை அது வெளிச்சுவர்ல பெரும்பாலும் காட்டறதே இல்ல. வேறொண்ணைக் காட்டி, சண்டைக்கு வர்ற அணுவை அமைதியாக்கிடுது.”

உடம்பின் காவல் முழுவதையும் தூங்கவைப்பதில்லையாம். அந்த இடத்தில் மட்டும் அடக்கி வாசிக்கச் சொல்கிறது. ஆக, நான் செய்தது சரியான சோதனை — தவறான ஆளுக்கு.

“போன தடவை?” என்றாள் அவள்.

“காரணம் தெரியலம்மா. ஆனா இந்தப் பேப்பரைப் பாத்து இந்தத் தடவையும் போயிடும்னு யாராலயும் சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் அவள்: “இனிமே ஸ்கேனுக்கு அம்மா வரட்டும். நீ வராதே.”

ஏப்ரல் 20

ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 11

“கால் வீங்குது. பிடிச்சு விடு.” வீக்கத்தின் காரணம் நாக்கு நுனிவரை வந்தது. பிடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, காலை 6.10

பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

பிரசவ அறைக்குள் என்னைக் கூப்பிட்டது அவள்தான். நஞ்சுக்கொடியைத் தட்டில் எடுத்துப் போனார்கள். ஈரல் மாதிரி இருந்தது. இத்தனை மாதம் என் தரப்பை அதுதான் பேசியிருக்கிறது. நான் பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

“உன் மூக்கு,” என்றாள். “என்ன பண்றது, பாவம்.”

இனி:

1. யார் ரத்தத்தையும் கேட்காமல் தொடமாட்டேன்.
2. குழந்தை யார் ஜாடை என்று மாமியார் சொன்னாலும் ஆமாம்.
3. லேபில் ஒரு மாதம் விடுப்பு. கேட்கப்போவதில்லை, சொல்லப்போகிறேன்.
4. கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்கிறார் நர்ஸ். தூக்கத் தெரியாது. போகணும்.