பேயைப் பார்த்தவள் மேடையைப் பெருக்க வேண்டும்

என் அன்பானவளுக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். எந்த இரண்டு பேர் என்று உனக்குத் தெரியும். அங்கே நீயும் பெரியவனும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். பேரன் யாரையும் தூங்க விடுவதில்லையாமே. பெரியவனும் நம்மை அப்படித்தான் படுத்தினான், இப்போது அவன் படட்டும். சமையல் என் கையில்தான். ருசி இல்லையே தவிர யார் வயிற்றையும் கெடுக்கவில்லை.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நேற்று நம் வாலு நடிக்கும் நாடகத்தைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அந்தக் காலத்துப் பேய் நாடகம், முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்காரி ஒருத்தி செத்துப்போகிறாள், அது அவளுக்கே தெரியாது. குடியிருப்பவர்களுக்கு வழக்கம்போல டீ போட்டு நீட்டுகிறாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எவ்வளவு திமிர் என்று ஒவ்வொருவரிடமும் சண்டைக்குப் போகிறாள். அந்த வீட்டுக்காரிதான் நம் பெண்.

கூட நடிப்பவர்கள் அவளைத் தப்பித் தவறிக்கூடப் பார்க்கக் கூடாதாம். அது பழக வேண்டும் என்று, ஒத்திகை நாட்களில் கேன்டீனில்கூட அவளோடு யாரும் பேசக் கூடாது என்று பேராசிரியர் சட்டம் போட்டிருக்கிறார். பார்த்துவிட்டால் மேடையைப் பெருக்க வேண்டும். வேறொரு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள், இவள் எப்படித்தான் தாங்குகிறாளோ என்று என்னிடமே வியந்தார். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு அவள் இந்த நாடகப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து நீ அவள் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பதை அவரிடம் சொல்ல முடியுமா? சிரித்து மழுப்பினேன்.

"ஏங்க, நான் பேசறது காதுல விழலையா?" என்று அவள் ஒவ்வொரு முகத்துக்கு நேராகவும் குனிந்து கேட்டாள். அரங்கமே வயிறு வலிக்கச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று உன்னிடம் கேட்பாளே, அதே குரல்.

பிறகு, டீத் தட்டோடு நாற்காலியில் ஏறியவள் சறுக்கி விழுந்துவிட்டாள். அது நாடகத்தில் இல்லாதது. குடித்தனக்காரியாக நடித்த பெண் பதறி ஓடிவந்து தூக்கி, அடிபட்டதா என்று கேட்டேவிட்டாள். பேயைக் கைபிடித்துத் தூக்கினால் சும்மா இருப்பார்களா, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

முடிந்ததும் உள்ளே போனேன். அந்தப் பெண் மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நம்மவள் வீங்கிய காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் விழுந்ததும் அவ எல்லாத்தையும் மறந்துட்டு என்னைப் பாத்துட்டாப்பா," என்றாள். ஐஸை இன்னொரு பக்கம் மாற்றி வைத்தபடி, "அம்மாவா இருந்தா பாத்திருப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஓடி வந்திருப்பாள் என்றேன். உங்களுக்கு நடிப்பே வராதுப்பா என்று சிரித்தாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஊருக்குக் கிளம்பும்போது, எனக்கு ஒரே பிள்ளைதான், அவனிடம் போகிறேன் என்று வாசலில் சொன்னாயே, அது அவள் காதிலும் விழுந்ததடி.

எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டிருக்கிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள், சொல்லிவிட்டேன்.

அவள் செய்தது தப்பு என்றே வைத்துக்கொள். மன்னிக்கக்கூட வேண்டாம். திட்டுவதற்காவது ஒருமுறை அவளைக் கூப்பிடு. பேரனுக்கு என் ஆசியைச் சொல்.

இப்படிக்கு,
உன் இரண்டு பிள்ளைகளின் அப்பா