நாற்பதுக்குப் பதினொன்று

ஆகஸ்ட் 18, திங்கள்
பேத்தி பவ்யா இன்ஜினியரிங் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்று கணக்குப் பரீட்சையாம். பாடமே நடத்தாமல் என்ன பரீட்சை?
"சும்மா ஆயா, எங்களுக்கு எவ்ளோ தெரியும்னு பாக்கறாங்க."
பார்க்கட்டுமே. பிளஸ் டூ கணக்கில் தொண்ணூற்றெட்டு. என் மகன் கோபி வைத்த பேனர், மகள் படத்தோடு, எங்கள் திருமுல்லைவாயில் தெருமுனையில் இன்னும் நிற்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்
நாற்பதுக்குப் பதினொன்று.

ஆகஸ்ட் 22, வெள்ளி
பவ்யா சாப்பிடவில்லை. மார்க் குறைந்தவர்களுக்குச் சாயந்திரம் தனி வகுப்பாம். "அங்க போய் உக்காந்தா மானம் போயிடும். நான் காலேஜுக்கே போகல" என்கிறாள். பாஸா ஃபெயிலா என்று கேட்டேன். இதில் இரண்டும் கிடையாதாம். பின்னே எதுக்குடி அழுவுற?
திருத்தினவங்கதான் தப்பு பண்ணியிருக்கணும். நான் அஞ்சாவதுதான். ஆனாலும் போன வருஷம் முழுக்கப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, இவள் பார்க்காமல் எழுதியதை நான்தானே சரிபார்த்தேன்? அந்தக் குறிகளுக்குப் பெயர்கூடத் தெரியாது. ஒன்று மாறினாலும் பிடித்துவிடுவேன். கடைசியில் ஒன்றுகூட மாறவில்லையே!
எதிர்வீட்டுக் கெங்கம்மாள் வேறு: "இன்னாக்கா, பேனர்ல கீற பொண்ணு ஊட்லயே குந்திகினு கீது?"
காய்ச்சல் என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்
பவ்யாவை இழுத்துக்கொண்டு பூந்தமல்லி தாண்டி அந்தக் காலேஜுக்கே போனேன். கணக்கு மேடம் தாட்சாயிணி சின்ன வயசு. "பேப்பரக் காட்டு தாயி" என்றேன். காட்டினார். பாதித் தாள் வெறுமையாக இருந்தது.
பிறகு பிளஸ் டூ புத்தகத்திலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்தார். பவ்யா மளமளவென்று எழுதினாள். ஒரு குறி தப்பில்லை; எனக்குத் தெரியாதா! அதே கணக்கில் ஒரே ஓர் எண்ணை மாற்றினார். பேனா நின்றுவிட்டது.
"ஒரு நம்பர்தானேடி மாறுச்சு?"
"அது புக்ல இல்ல ஆயா."
"இவ மட்டும் இல்லம்மா," என்றார் மேடம். "பாதி வகுப்பு இப்படித்தான். எங்க நிக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானே அங்கேர்ந்து சொல்லிக்குடுக்க முடியும்?"
பஸ்ஸில் ஏறியதிலிருந்து அதே நினைப்பு. அப்போ அந்தத் தொண்ணூற்றெட்டு பொய்யா? பொய்யும் இல்லையே. நான் இத்தனை நாள் சரிபார்த்தது எதை?

ஆகஸ்ட் 28, வியாழன்
தனி வகுப்புக்குப் போய்விட்டு வந்தாள். "பெஞ்சு பத்தல ஆயா" என்று சிரித்தாள்.
பேனரை எடுக்கச் சொல்வதா, வேண்டாமா — தெரியவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்
பவ்யா கணக்குப் போட உட்கார்ந்தாள். வழக்கம்போல் புத்தகத்துக்குக் கை நீட்டினேன்.
"இதுக்கு புக்கு இல்ல ஆயா. மேடமே யோசிச்சுக் குடுத்தது."
"அப்ப சரியா தப்பான்னு யாரு பாக்கறது?"
"நான்தான்."
எழுதினாள், அடித்தாள். மறுபடி எழுதினாள், அதையும் அடித்தாள். போன வருஷமாக இருந்தால் திட்டியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.