அணையாமல் வைத்திருந்த போன்

உன் போன் இன்று என் கைக்கு வந்தபோது இளஞ்சூடாக இருந்தது. அதன் உறையில் திருநீறும் சாம்பிராணியும் கலந்த மணம் ஏறியிருந்தது. திரையின் ஓரத்தில் அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது. ஓடும் பஸ்ஸில் ஏறப்போய் நீ தவறவிட்டாயே, அன்று விழுந்த கீறல். சார்ஜ் மட்டும் முழுதாக இருந்தது. உன் கையில் அது இருந்த காலத்தில் முழுச் சார்ஜோடு நான் அதைப் பார்த்ததே இல்லை.

உன் அம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பன்விலவிலிருந்து தனியாகக் கண்டிக்கு வந்து, வழி கேட்டுக் கேட்டு நம் கடையைக் கண்டுபிடித்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தயங்கி நின்றார். முதலாளி நானாதான் முதலில் பார்த்தார்.

"உள்ளுக்கு வாங்க, உள்ளுக்கு வாங்க. நம்மட புள்ளட உம்மா தானே?"

அம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நானாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "படமெல்லாம் இருக்கு புள்ள. தம்பி எடுத்துக் காட்டுறான். பேச்சுதான் ஒன்னும் இல்ல. அவ இதுக்குள்ள பேசிப் பேசிப் போட்டுக் கேப்பாளே, அது ஒன்னு கூட இல்ல. அழிஞ்சத எடுத்துக் குடுக்கிற கடைதானே இது? ஒரு வார்த்த கிடைச்சாலும் போதும்."

உன் குரல் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். கடைக்கு வந்தவர்களைப் போலப் பேசிப் பதிவு செய்து, திரும்பிப் போகும் பஸ்ஸில் எனக்குப் போட்டுக் காட்டுவாய். "தங்கச்சி, தண்ணியில எல்லாம் விழல, சும்மா லேசா நனைஞ்சிச்சு" என்று வாளிக்குள் விழுந்த போனோடு வந்தவரின் குரல். "நேத்துதான் வாங்கினேன்" என்று நாலு வருடப் பழைய போனை நீட்டிய அம்மணியின் குரல். வத்தேகம தாண்டும் வரை சிரிப்போம். இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிடுவாய். "கேட்டுச் சிரிச்சாச்சு. அப்புறம் என்னத்துக்கு இடத்த அடைச்சுக்கிட்டு?" என்பாய். என்னிடம் அப்போது பட்டன் போன்தான் இருந்தது. அனுப்பி வைக்க வழியில்லை. நாள் முழுக்க ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நமக்கு அனுப்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். நீ வார்டில் இருந்தபோது ஒருநாள் பார்க்க வந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வாயில என்னடி, கொழுக்கட்டையா?" என்று கேட்டாய். நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

நானா போனைக் கணினியில் மாட்டிவிட்டு, அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீரை நீட்டும்போது நான் கேட்டேன். சார்ஜ் முழுதாக இருந்ததே, அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. "வீட்டுல போன எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"அவ படத்துக்குப் பக்கத்துலதான். கரண்ட்லயே போட்டு வச்சிருக்கேன். ஒரு நாள் அணைய விட்டதில்ல புள்ள. விளக்கு மாதிரி."

உன் தேத்தண்ணிக் கடைப் பாடம் உடனே நினைவுக்கு வந்தது.

ஒரு கலியாண வீட்டுக் கேமரா கார்டில் அழிந்துபோன படங்களை நீ மீட்டுக்கொடுத்த மறுநாள் அது. அந்தப் பொண்ணு உன் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனாள். அடுத்து வந்த ஒருவரின் போனிலிருந்து ஒன்றையும் எடுக்க முடியவில்லை. ஏன் என்று உன் காதருகே கேட்டேன். வகுப்பில் கேள்வி கேட்கப் பயந்தே பத்தாம் ஆண்டோடு நின்றவள் நான். உன்னிடம் மட்டும் கேட்க வந்தது. சந்துக்கு எதிர்ப்புறமிருக்கும் கடைக்குக் கூட்டிப்போய், இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தாய்.

"காசு வாங்குறவர பாரு. அவர்தான் பைல் சிஸ்டம். யார் எந்த மேசையில இருக்காங்க, யார் காசு குடுத்துட்டுப் போய்ட்டாங்க, எல்லாம் அவருக்குத் தெரியும். கிளாஸ் கழுவுற அண்ணன் இருக்காரே, அவர்தான் எல்லாத்தையும் வச்சிருக்கிற சிப்பு. அவருக்கு மேசையில கிளாஸ் இருக்கிறது தெரியும், ஆள் போனது தெரியாது. நாம ஒன்ன அழிக்கிறோம்னா என்ன அர்த்தம்? ஆள் போய்ட்டாருன்னு காசு வாங்குறவர் கணக்குல இருந்து எடுத்துட்டாரு. கிளாஸ் அங்கதான்டி இருக்கு, அடியில தேத்தண்ணியோட. அந்தக் கேமரா கார்டுல நாம எடுத்தது அதத்தான்."

"அப்ப போன்ல?"

"எச்சில் கிளாஸ் மேலயே புதுசா ஊத்துவாரா? கழுவணும். ஒன்னு ஒன்னா கழுவ மாட்டாரு, தட்டோட மொத்தமாத்தான் முக்குவாரு. அந்தத் தட்டுல ஒருத்தர் குடிச்சுக்கிட்டு இருக்கிற கிளாஸ் இருந்தா, அத எடுத்து வேற தட்டுல வைக்கணும். யாரும் ஒன்னும் சொல்லலைன்னா, முடிஞ்சதையும் முடியாததுன்னு நினைச்சு, தட்டு தட்டா மாத்திச் சுமந்துக்கிட்டே திரிவாரு. வேலையும் ஓடாது, தட்டும் தேஞ்சு போகும். அதனால புது போன்ல காசு வாங்குறவர் கூப்பிட்டுச் சொல்லிடுவாரு: இந்த இந்த மேசை முடிஞ்சது, எடுத்துக்கன்னு. எப்ப சொல்வாரு? கூட்டம் இல்லாத நேரம். போன் சும்மா, சார்ஜ்ல கிடக்கிற நேரம். அப்புறம் கழுவினா கழுவினதுதான்."

சொல்லி முடித்து என் கிளாஸைப் பார்த்தாய். குடித்து வெகுநேரமாகி அடியில் காய்ந்திருந்தது. கழுவும் அண்ணன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். முடிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீ ஒருத்தி போதும்டி, இந்தக் கடையே நின்னு போகும்" என்றாய். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, இவ குடிச்சு முடிச்சுட்டா! எழுதித் தரணுமா?" என்று கத்தினாய். நான் மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன்.

நானா பின்னறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "ஒண்டும் இல்ல புள்ள. தொடைச்சுப் போட்டமாதிரி ஈக்கி" என்றார். "அவ மவுத்தா போன அண்டைக்கே அணைச்சு வெச்சிருந்தாலும் கிடைச்சிருக்கும்னு சொல்ல ஏலா. ஆனா ஒரு சின்னச் சந்தர்ப்பம் ஈந்திச்சு. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

கடைக்குள் வைத்துச் சொல்ல முடியவில்லை. அம்மாவை அதே தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனேன். நீ போன பிறகு நான் அங்கே நுழைந்தது இன்றுதான். நீ உட்காரும் பக்கத்தில் அம்மா உட்கார்ந்தார். பிளேன்டீ வந்தது. என்னுடையதை நான் குடித்து முடித்துவிட்டேன். அவர் தொடவேயில்லை.

"இருக்கா புள்ள?"

"இல்லம்மா. அழிஞ்சிருச்சு."

அவர் தலையை ஆட்டினார். போனை எடுத்துக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றினார். பிறகு கேட்டார். "எதனால? நாங்க ஏதும் செஞ்சிட்டமா?"

அந்தக் கேள்விக்கு நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நீ எதையும் மறைக்கத் தெரியாதவள். நான் கைக்குட்டைக்குள் இருந்த உன் போனைப் பார்த்தேன். அது இன்னும் ஆறாமல் சூடாகவே இருந்தது.

"இல்லம்மா. புது போன் எல்லாம் அப்படித்தான். அழிச்சத அதுவே தொடைச்சிரும்."

"அப்ப கரண்ட்ல போட வேணாமா இனி?"

"போடுங்கம்மா. படமெல்லாம் இருக்குல்ல."

அம்மா கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். திடீரென்று அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "உன்னைய மாதிரியும் வீட்டுல செஞ்சு காட்டுவா."

"நான்தான் பேசவே மாட்டேனே அம்மா."

"அதத்தான் காட்டுவா." அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். தலையைக் குனிந்து, கிளாஸின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு, கண்ணை மட்டும் மேலே உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் அப்படித்தான் இருப்பேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அது நீ காட்டித் தெரிந்தது. குனிந்த அந்த முகத்தில், பாதியில் சிரிப்பை அடக்கும்போது உன் உதடு கோணுமே, அந்தக் கோணல் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

கழுவும் அண்ணன் தட்டோடு வந்து நின்றார். இரண்டு கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். கத்திச் சொல்ல நீ இல்லை.

"இது முடிஞ்சது அண்ணே" என்றேன். "அம்மாவோடது இருக்கட்டும்."

"அடடே, தங்கச்சிக்கு வாய் இருக்கா?" என்று சொல்லிவிட்டு என் கிளாஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அம்மாவைப் பன்வில பஸ்ஸில் ஏற்றிவிட்டு இந்த மேசைக்குத் திரும்பி வந்தேன். உன் கதிரையில் நானா பழைய சார்ஜர் பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கிறார். கடை சாத்தும் நேரமாகிவிட்டது, அம்மா இந்நேரம் வீடு சேர்ந்திருப்பார். கை கால் கழுவி, உன் படத்துக்குத் திருநீறு வைத்து, போனைச் சார்ஜில் போட்டிருப்பார். சார்ஜிலேயே கிடந்ததால்தான் அந்தச் சின்னச் சந்தர்ப்பமும் போனது என்பது நானாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நானாவுக்கு நாளைக்கு வேறு பத்துப் போன் வரும், மறந்துவிடுவார். நான் அதை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். முடிந்தது என்று அதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.