பதினொரு பூச்சு

அன்பு மகளுக்கு,

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான கோபம், இரண்டும் மருந்துக்கு அடங்காதவை, மற்றபடி குறைவில்லை. நீயும் சுகம் என்றுதான் உன் கடிதங்கள் சொல்கின்றன, ஆனால் ஏணி மேல் நிற்கிறவளின் சுகத்தைக் கீழே இறங்கிய பிறகுதான் நம்ப முடியும். பதினைந்து நாள் ஊழியப் பயணம் என்று ஒன்பது பேர் கடல் தாண்டிப் போனீர்கள், எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள், மூன்று மாதமாகப் போகிறது, இத்தனை நாளில் நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ இருக்கிற மலையில் போனும் எடுக்காது என்பது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. உன் கடிதம் வந்தால் அம்மா சமையலறையில் நின்றுகொண்டு உரக்கப் படிப்பாள், நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் அங்கே அனுப்புவேன், பக்கத்தைத் திருப்ப மறந்துபோகும், அவள் எட்டிப் பார்த்து, அந்த மெத்தை விளம்பரத்தை இன்னுமா படிச்சு முடிக்கலை என்பாள்.

என் கோபம் உன்மேல் இல்லை, நீ போன கூட்டத்தின்மேல். சபையின் ஐம்பதாம் ஆண்டு மலருக்காக நான் மூன்று வருஷம் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி, பழைய அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டுப் படியும் ஏறி, நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியது உனக்குத் தெரியும். அட்டையில் வந்தது கமிட்டித் தலைவரின் பெயர், எந்நேரமும் மைக்கைப் பிடித்திருப்பதால் நாம் வீட்டில் மைக் என்று கூப்பிடுகிறோமே, அவர்தான். என் பெயர் கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில், நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் நடுவில், எழுத்துப் பிழையோடு இருந்தது. அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அறிவிப்புகள் தொடங்குமுன் எழுந்து போகிறவன். ஜெபத்தை விடவில்லை, கமிட்டியைத்தான் விட்டேன். அந்த மைக்கின் தலைமையில் நீ போகிறாய் என்று கேட்டதும் என் பிள்ளையே எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நீ புறப்பட்ட காலையில் வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்க நான் குளியலறையில் நின்று ஒரே கன்னத்தை மூன்று தடவை சவரம் செய்தேன். நீ கதவைத் தட்டி, அப்பா போயிட்டு வரேன் என்றாய். ம் என்றேன். அந்த ஒரு எழுத்துக்காக நான் பட்டிருக்கிற வெட்கத்தை இங்கே எழுதி முடியாது.

பிறகு உன் முதல் கடிதம் வந்தது. மலைப் பள்ளியில் பிள்ளைகள் சாப்பிடுகிற அறையின் சுவருக்கு வர்ணம் பூச எல்லோரும் உருளைகளைக் கையில் எடுத்திருக்க, நீ மட்டும் பெயிண்ட் ஃபாக்டரி லேபில் செய்கிற பழக்கத்தில் பிளேடால் சாய்வாக ஒரு கீறல் போட்டு லென்ஸை வைத்துப் பார்த்தாயாம். பதினொரு பூச்சு. நீலம், மஞ்சள், பிஸ்கட் நிறம், மறுபடி நீலம் என்று எண்ணி எழுதியிருந்தாய், வருஷத்துக்கு ஒரு கூட்டமாக நல்ல மனிதர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, அதே சுவருக்கு வர்ணம் அடித்து, படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சுவரின் அடிப்பாகம் ஈரத்தில் உப்பி உதிர்கிறது, மேலே கூரை ஓரத்து வடிகாலில் சருகு அடைத்து மழைத் தண்ணீர் முழுக்க உள்பக்கமாக இறங்குகிறது, அதை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தப் பள்ளித் தலைமையாசிரியை அம்மாளிடம் நீ போய்க் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே, வர்றவங்க எல்லாரும் பெயிண்ட்டோட வர்றீங்கம்மா, வேண்டாம்னு சொன்னா அடுத்த வருஷம் யாருமே வராமப் போயிட்டா என்ன செய்யறது என்றாராம். மைக் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கச்சி, நாம கூரை பாக்க வரலை, சாட்சி சொல்ல வந்திருக்கோம் என்றதும், நீ, சரிண்ணே, ஒழுகுற இடத்துல நின்னா சொல்லப் போறீங்க, நனைஞ்சிடுவீங்களே என்று சொல்லிவிட்டு ஏணியைத் தேடிப் போனாயாம். இந்த இடத்தில் அம்மா படிப்பதை நிறுத்திவிட்டாள், கூடத்திலிருந்து நான் சிரித்த சத்தம் அவளுக்கே புதிது. மறுநாள் பதிவாளர் அலுவலகத்தில் யார் கிடைத்தாலும் பிடித்து வைத்து இதைச் சொன்னேன், சிலரிடம் இரண்டு தடவை. தபால் பிரிக்கிறவர் இப்போதெல்லாம் வணக்கம் சொல்வதில்லை, என்னைக் கண்டதும், வாங்க பதினொண்ணு சார் என்கிறார். பதவி உயர்வு மூன்று முறை என்னைத் தாண்டிப் போன அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் இது.

அவர்கள் திரும்பி வந்த பிறகு சபையில் திரை கட்டிப் படம் போட்டார்கள், அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். மைக், வேலை செய்கிற மைக்கையே ஹலோ ஹலோ என்று நாலு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். சுவர் பூசுமுன், சுவர் பூசியபின், ஒரே நிறச் சட்டையில் எட்டுப் பேரும் கையில் பிரஷ்ஷோடு வரிசையாக நிற்கிற படம். அந்தப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு ஏணி, ஏணியில் இரண்டு கால் மட்டும், இடது செருப்பு வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. வாசலில் அந்தச் செருப்பை நான் எத்தனை தரம் தாண்டியிருப்பேன், எனக்குத் தெரியாதா. மைக் அந்தப் படத்திலேயே நிறுத்தி, நம்ம டீம்ல ஒரு சகோதரி மட்டும் கீழ்ப்படிதலைக் கத்துக்கலை, அவங்களுக்காக விசேஷமா ஜெபிச்சுக்குவோம் என்றார். மொத்தச் சபையும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் அறிவிப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன், முதுகை நேராக வைத்துக்கொண்டு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்கிற பயம் அவளுக்கு. நான் அந்த இரண்டு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், தள்ளிப்போட்டது போதும். உத்திரக் கட்டைகள் உளுத்திருந்ததால் வேலை நீண்டுவிட்டது, தச்சரோடு சேர்ந்து பாதிக் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறோம், மழைக்குமுன் மூட இன்னும் ஆறு வாரம் வேண்டும், மாதக் கடைசியோடு தங்கும் அனுமதி முடிகிறது, நீட்டிக்கச் சபையின் கடிதம் வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அதை அம்மா போதகரிடம் கொண்டுபோய்ச் சொன்னாள். இரண்டு நாள் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்தார், கமிட்டி கடிதம் தரத் தயார், ஆனால் முதலில் நீ மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று சொல்லி, தட்டச்சு செய்த ஒரு தாளை என்னிடம் கொடுத்தார், அடியில் உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நீங்க அப்பா, நீங்க எடுத்துச் சொன்னா கேட்பாங்க என்றார். நான் சொல்லி நீ எதைக் கேட்டாய் என்பது அவருக்கு எப்படித் தெரியும். அவர் கெட்டவர் இல்லை, தேநீரைக் குடித்துவிட்டு, எனக்கும் இது சங்கடமாத்தான் இருக்கு சார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தத் தாளில் நாலு பிழையைச் சிவப்பு மையால் திருத்தினேன், பிறகு அகராதிக்குள் வைத்து மூடிவிட்டேன். வைத்து ஒன்பது நாளாயிற்று.

உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நேற்று அலமாரித் தூசி தட்டும்போது அது அம்மா கையில் சிக்கியது. அவள் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாகப் போயிற்று. தாளைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், அவ இதுல கையெழுத்துப் போட்டா தோத்துட்டான்னு நினைக்கிறீங்க, அவ அங்க ஜெயிக்கவா போனா என்றாள். மைக்கின் முன்னால் நீ தலை குனியக் கூடாது என்பது என் புத்தகத்துக்காக நான் கேட்கிற நியாயம், அதை உன் கூரையில் ஏற்றிவிட்டேன். ஒன்பது நாளை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன், அதற்கு என்னை மன்னித்துக்கொள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், இங்கிருந்து ஆறு நாளில் சேரும் என்கிறார்கள், உனக்குப் பத்து நாள் மிஞ்சும், திரும்பி வர ஆறு போனால் யோசிக்க நாலு. நீ அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நானே கொண்டுபோய் மைக்கின் கையில் கொடுத்து, கடிதத்தை வாங்கி அன்றே அந்த நாட்டு அனுமதி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டேன். போடமுடியாது என்று தோன்றினால் வந்துவிடு, விமான நிலையத்தில் நான் நிற்பேன், இந்த முறை இரண்டு கன்னமும் ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டு. எதைச் செய்தாலும், என் மகள் ஒரு சுவரைக் கீறிப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து பார்த்தாள் என்பது எனக்கு மாறாது. அதற்குமேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

ஏணியில் ஏறும்போது கீழே யாராவது பிடித்துக்கொள்ளாமல் ஏறாதே, தச்சர் சாப்பிடப் போயிருந்தால் அவர் வரும்வரை காத்திரு. புதுச் செருப்பு வாங்கு, தேய்ந்த குதி ஏணிக்கு ஆகாது. அந்தத் தலைமையாசிரியை அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். கர்த்தர் உன் கையையும் காலையும் நீ நிற்கிற படியையும் காக்கட்டும், உன் வேலை மழைக்கு முந்தட்டும். அம்மாவுக்குத் தனியாக எழுது, அவள் உரக்கப் படிப்பாள், நான் இனி செய்தித்தாளைக் கையில் எடுக்கமாட்டேன்.

அலுவலக மதிய இடைவேளை முடியப் போகிறது, பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அடியில் என் பெயரை எழுதினால், அந்த மன்னிப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீ என் கையெழுத்தையும் பார்ப்பாய், அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று ஒரு நிமிஷமாவது நினைப்பாய். இருக்கிற நாலு நாளில் அந்த ஒரு நிமிஷத்தையும் நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்துப் போடவில்லை, இப்படியே ஒட்டி எதிர்த்தெருப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.