இடது பின் ஸ்பீக்கர்

மாப்ள,

நேற்று ஒடுகத்தூரில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் நின்றிருந்தேன். சார்ஜர் சொருகும் இடம் ஆடிப் போயிருந்தது. கடையில் இருந்த பெண் சூடான கம்பியை ஈயத்தில் வைத்தாள். நூல் மாதிரி புகை எழுந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. "இன்னா தாத்தா, ஒடம்பு சரியில்லயா? உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினாள். உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. நீ போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சட்டையை என் தங்கச்சி மல்லிகா துவைத்துத் துவைத்துப் பார்த்தும் அது போனதில்லை.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே மலையூர். உன் வீட்டிலும் என் வீட்டிலும் சாமை விதைத்து, புளி உலுக்கி, மழை வந்தால் சாப்பிட்டு, வராவிட்டால் கடன் வாங்கிப் பிழைத்தவர்கள். நீ வேலூரில் தங்கி எலக்ட்ரீஷியன் வேலை படித்துவிட்டு வந்தாய். மலைமேல் தொலைநோக்கி வைத்திருந்தார்களே, அங்கே தினக்கூலி எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தாய். நான் அதே இடத்தில் ஜீப் ஓட்டினேன். அப்புறம் என் தங்கச்சி மல்லிகாவைக் கட்டிக்கொண்டாய். அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவனை அன்றிலிருந்து மாப்ள என்றேன். நீ என்னை மச்சான் என்றாய்.

அந்த ரிசீவர், பாட்டுக் கேட்கும் பெட்டி, வந்தது கல்யாணத்துக்கு மறு வருஷம். ஆராய்ச்சிக்கு வந்து இரண்டு வருஷம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அதை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். அவர்கள் நாட்டு மின்சாரத்துக்குச் செய்த பெட்டி. யாரோ நம்ம ஊர் கரண்டில் நேராகச் சொருகி, அது புகைந்து அடங்கிவிட்டிருந்தது. "ரிப்பேர் பண்ண முடிஞ்சா நீயே வெச்சுக்கோன்னாரு மச்சான்" என்று சொல்லும்போது உன் கண் எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

மூன்று மாதம் உன் ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றது. கரண்டைப் பாதியாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரை நீயே கம்பி சுற்றிச் செய்தாய். எரிந்துபோன பாகங்களுக்கு நான் வேலூர் போகும்போதெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்தாய். ஒரு நாள் மத்தியானம் அது பிழைத்தது. நல்ல கனம். தேக்கு நிறத்தில் மரக்கூடு, முகப்பெல்லாம் வெள்ளி நிறம். ஸ்டேஷன் பிடிக்கும் கண்ணாடிக்குப் பின்னால் நீல வெளிச்சம். நான்கு சின்ன முள் மீட்டர்கள், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒன்று. சாதாரண ஸ்டீரியோவுக்கு இரண்டு ஸ்பீக்கர் என்றால் இதற்கு நான்கு: முன்னால் இரண்டு, முதுகுக்குப் பின்னால் இரண்டு. நான்கு சத்தத்தையும் ஒரே இசைத்தட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள், இந்தப் பெட்டிதான் அதைப் பிரித்தெடுக்கும் என்றாய். நடுவில் ஒரு குட்டை நெம்புகோல். அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்த மூலையில் சத்தம் கூடும்.

"பாட்டு கேக்கற பொட்டிக்கு ஜீப்பு மாதிரி கியர் இன்னாத்துக்குடா?" என்று கேட்டேன்.

"சத்தத்த ஓட்டறதுக்கு" என்றாய்.

அவர் விட்டுப்போன தட்டுகளில் ஒன்று சோதனைத் தட்டு. ஒரு மேளம் முன் இடதில் தொடங்கி, முன் வலது, பின் வலது, பின் இடது என்று அறையைச் சுற்றிவரும். வீட்டுக்கு யார் வந்தாலும் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைப்பாய். என் அப்பா உட்கார்ந்தபோது, மேளம் பின்னால் போனதும் எழுந்து திரும்பி, "எவன்டா அவன்?" என்று சண்டைக்குப் போனார். நீ சுவரில் சாய்ந்து சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாய். அவ்வளவு சந்தோஷமாக நான் உன்னைப் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த வருஷம் மல்லிகா அடிக்கடி முணுமுணுத்தாள். "பாருண்ணா, இந்தப் பக்கம் காது கிழியுது, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. சொன்னா கேக்கறதில்ல." நெம்புகோல் எப்போதும் இடது பக்கமே சாய்ந்திருந்தது. ஏதோ பெட்டிக் கோளாறு என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மல்லிகா வெளியே புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கியது. நீ நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சோதனைத் தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாய். டீ எடுத்துக்கொண்டு உன் பின்னால் வந்த என் கால் ஒயரில் சிக்கியது. இடது பின் ஸ்பீக்கரின் ஒயர் கழன்று வந்துவிட்டது. குனிந்து அதைக் கையில் எடுத்தேன். மேளம் முன் இடதில் அடித்தது, முன் வலதுக்குப் போனது, பின் வலதுக்குப் போனது. அப்புறம் எதுவும் இல்லை.

"இப்ப பின்னால எடது" என்றாய், கண்ணைத் திறக்காமலே. "இன்னா சுத்தமா வருது பாரு மச்சான்."

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். மேளம் இன்னொரு சுற்று வந்தது. மறுபடி அதே இடத்தில் உன் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. டீயை வாங்கிக்கொள்ள நீ திரும்பினாய். என் கையில் இருந்த ஒயரைப் பார்த்தாய். உன் முகம் செத்துப்போனது.

"கதவச் சாத்து" என்றாய்.

ஆறு மாதமாக இடது காது கேட்கவில்லை என்று அன்றுதான் சொன்னாய். உள்ளே எப்போதும் வண்டு மாதிரி ஒரு இரைச்சல். காலையில் எழுந்தால் தலைவலி. தட்டின் வரிசை மனப்பாடம் என்பதால் யாருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தாய்.

"நாளைக்கே வேலூருக்குப் போவலாம் வா."

"வேணாம் மச்சான். இப்பத்தான் பேரு மேல போயிருக்குது. பர்மனெண்ட் ஆவப் போவுது. செவிடுன்னு தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்க. ஆர்டர் கைக்கு வரட்டும். மக்யா நாளே நானே வர்றேன், நீயே இட்டுனு போ."

"மல்லிகாவுக்கு?"

"அவளுக்குச் சொல்லாத. பயந்துக்குவா. என்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அதோடு நின்றிருந்தால்கூட பரவாயில்லை.

வேலை நிரந்தரமாவதற்கு முன் உடம்பு சரியாக இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். கீழே இறங்கினோம். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி உன் யோசனையைச் சொன்னாய். கேட்டுச் சிரித்தேன். டாக்டர் வயதானவர், நல்ல மனுஷர். உன் வலது காதை அவரே விரலால் அடைத்து, பின்னால் நின்று இடது காதருகே மெல்ல ஒரு எண்ணைச் சொன்னார். நான் ஜன்னல் ஓரம், உன் கண்ணுக்கு நேரே நின்றிருந்தேன். அவர் பார்வை உன் காதிலேயே இருந்தது; அவர் வாயசைவைப் பார்த்து, வயிற்றருகே விரல் காட்டினேன்.

"ஏழு" என்றாய்.

அடுத்தது மூன்று. அடுத்தது ஒன்பது. எல்லாம் சரி. டாக்டர் கையெழுத்துப் போட்டு, "ஆரோக்கியமா இருக்கியேப்பா" என்று உன் முதுகில் தட்டினார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நீ குடித்த டீ வாயின் இடது ஓரத்தில் வழிந்து சட்டையில் சொட்டியது. உனக்குத் தெரியவில்லை. துண்டால் நான்தான் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது அந்தப் பக்கக் கன்னம் தொங்குகிற மாதிரி இருந்தது. பார்த்தேன். வண்டியை எடுத்தேன்.

ஆர்டர் வந்தது. மறு நாள் நீ வரவில்லை. பொங்கல் முடியட்டும் என்றாய். சாமை அறுப்பு முடியட்டும் என்றாய். நான் வாரம் ஒரு முறை சாமான் வாங்க வேலூர் போவேன். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் சந்தைக்குப் போக வேண்டும். பக்கத்து சீட்டில் உன்னை உட்காரவைக்காமல் எத்தனை வாரம் போனது என்று எண்ணிப் பார்ப்பேன். எண்ணாமலும் இருந்திருக்கிறேன். நீ நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தாய். குடிக்கிறாய் என்று பேசினார்கள். குடிக்காத உன்னைப் பற்றி அப்படிப் பேசியதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

கடைசியில் வீட்டு வாசலிலேயே விழுந்தாய். அன்றைக்குத்தான் ஜீப் அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது.

காது நரம்பில் தொடங்கிய கட்டி என்றார்கள். மூளையை நெருக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் மல்லிகாவிடம், "காது எப்பலேந்து கேக்கல?" என்று கேட்டார்.

"காதா? அதெல்லாம் நல்லா கேக்குங்களே. நாலு பொட்டி வெச்சிப் பாட்டு கேப்பாரு" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "முன்னாடியே வந்திருந்தா சின்னதா இருந்திருக்கும். எடுக்கறதும் சுலபம்" என்றார், யாரையும் குறை சொல்லாத குரலில்.

அறுவைக்கு அழைத்துப்போகும் முன் என்னைக் கிட்டே கூப்பிட்டாய். வாய் கோணியிருந்தது. "டெஸ்ட்டுல கெலிச்சோம் இல்ல மச்சான்?" என்றாய். நீ சொன்னது கேலியா, ஆறுதலா என்று எனக்கு இன்னும் தெரியாது. நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்து, ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாய்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நீ நிரந்தர ஊழியனாக இருக்கும்போதே போய்விட்டதால்தான் மல்லிகாவுக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள். அதை வைத்து உன் மகனைப் படிக்கவைத்தாள். நல்ல வேலையில் இருக்கிறான். ஜன்னல் ஓரம் நான் காட்டிய விரல்கள்தான் அவளுக்குச் சோறு போட்டன. அதே விரல்கள்தான் அவள் தாலியை எடுத்தன. ஒன்றால் மற்றொன்றைக் கழித்துவிட முடியுமா என்று எத்தனையோ வருஷம் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

ரிசீவரை மல்லிகா என்னிடம் கொடுத்துவிட்டாள். போளூரில் மைக்செட் வைத்திருந்தவர் பாகங்களுக்காக எடுத்துப் போனார். வெறும் மரக்கூட்டைத் திருப்பித் தந்தார். கொஞ்ச நாளில் கறையான் அரித்துவிட்டது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு மல்லிகா கேட்டாள். "அண்ணா, அவருக்குக் காது கேக்கலன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

மாப்ள, உன்மேல் பண்ணிய சத்தியத்தை நீ கேட்டு வாங்கினாய். அந்தப் பொய்யை நீ கேட்கவில்லை. அது முழுக்க என்னுடையது.

அவள் அதற்கப்புறம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை வந்து என்னோடு நான்கு நாள் இருந்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் இருப்பேன். போன மாதமும் வந்தாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் ஒரு கால் வைத்தபோது, "மல்லிகா" என்று கூப்பிட்டேன்.

திரும்பினாள். "இன்னாண்ணா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கண்டக்டர் விசில் ஊதினார்.

"பாத்து ஏறும்மா" என்றேன்.